ஒரு ரைபிள், மூன்று குடும்பங்கள்: கூட்டாக வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஒரே கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகள் மூவர்; வயது 12, 14, 17. மூவரும் இப்போது கிளப் ரைபிளில் சுடுகிறார்கள். ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு மூன்று லட்ச ரூபாயில் ஜெர்மன் ரைபிள் ஒன்றை வாங்கி, பராமரிப்புச் செலவையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாமா, அதற்கு எப்படி ஒப்பந்தம் எழுதுவது என்று கேட்கிறீர்கள்.

கூட்டாக வாங்காதீர்கள். ஒரு குடும்பம் வாங்கட்டும். இன்னொரு குடும்பம் மாதாமாதம் வாடகை கொடுத்துப் பயன்படுத்தட்டும். 12 வயதுப் பிள்ளை இன்னும் ஓராண்டாவது கிளப் ரைபிளிலேயே பழகட்டும். பல ஆண்டுகளாக ஒரு கிளப்பின் ஆயுத அறைச் சாவியை வைத்திருப்பவன் என்ற முறையில், சமபங்கு போட்டு வாங்கிய துப்பாக்கிகள் எப்படி முடிந்தன என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் பாதிப் பாதி போட்டு ஒரு ரைபிள் வாங்கின. பதினான்கு மாதம் எந்தச் சச்சரவும் இல்லை. பிறகு ஒரு பையன் பிளஸ் டூ தேர்வுக்காகப் பயிற்சியை நிறுத்தினான். அவனுடைய அப்பா தான் போட்ட பாதிப் பணத்தை முழுதாகக் கேட்டார். ஓராண்டுக்கு மேல் சுட்ட துப்பாக்கிக்குப் புது விலையா என்று மற்றவர் கேட்டார். இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, எழுத்தில்தான் ஒன்றுமில்லை. பஞ்சாயத்து முடியும் வரை ஐந்து மாதம் அந்த ரைபிள் பெட்டியோடு என் அலமாரியில் கிடந்தது. சுட வேண்டிய பையன் பழைய கிளப் ரைபிளில் மாநிலப் போட்டிக்குப் போய்வந்தான்.

கூட்டுச் சொத்தில் விலகும் நாளில்தான் கணக்கு கேட்பார்கள். வாடகையில் விலகுகிறவர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் போட்டி ரைபிள்கள் 7.5 ஜூல் அருகில்தான் வேலை செய்கின்றன. ஆகவே நீங்கள் அந்த வரம்புக்குள் வசதியாக இருக்கிறீர்கள். ஆனாலும் வியாபாரி அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிக்கொண்டு ஒருவர் பெயரில்தான் பில் போடுவார். வீட்டில் மூன்று பேரும் பங்காளிகளாக இருந்தாலும் ரயில் நிலையத்தில் காவலர் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போது அந்த ஒரு பெயர்தான் பேசும். போட்டிக்குப் போகும் பிள்ளையிடம் பில் நகலும், உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும், சங்கத்தின் போட்டிக் கடிதமும் இருக்க வேண்டும். தேசியப் போட்டிகள் பெரும்பாலும் டெல்லியிலோ போபாலிலோ நடக்கின்றன. சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் நீளமான பெட்டியோடு ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவரை நாலு பேராவது விசாரிப்பார்கள்.

பாயிண்ட் 22 ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் இந்தப் பேச்சே பொருந்தாது. அவை ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டிய துப்பாக்கிகள். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வைத்திருக்க முடியும். அண்டை வீட்டுப் பையனிடம் ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்புவது குற்றம். அங்கே பகிர்வு என்றால் உரிமம் பெற்ற கிளப்பின் துப்பாக்கியைக் கிளப் ரேஞ்சுக்குள் மாறி மாறிச் சுடுவது மட்டுமே. புதுக்கோட்டையிலிருந்து பாரிஸ் ஒலிம்பிக் வரை போன பிரித்விராஜ் தொண்டைமானின் டிராப் பிரிவை, அதாவது பறக்கும் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் பிரிவைப் பார்த்து ஆசைப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அதோடு, அந்தப் பிரிவில் தகுதிச் சுற்றுக்கே 125 தட்டுகள். துப்பாக்கி இரவல் கிடைத்தாலும் தோட்டாவும் தட்டும் இரவல் கிடைக்காது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். யார் வாங்குவது? பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பெற்றோர்தான் முன்வருவார்கள், ஸ்கோரும் அந்தப் பிள்ளைக்குத்தான் அதிகம் இருக்கும். ஆனால் 17 வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகப்போகிறது. எந்த ஊர் என்று இன்றைக்குத் தெரியாது. ஆகவே 14 வயதுப் பிள்ளையின் குடும்பம் வாங்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பல ஆண்டு ஜூனியர் காலம் இருக்கிறது, கடைசி வரை துப்பாக்கியோடு இருக்கப்போவதும் அதுதான். மூத்த பிள்ளை வாடகைக்கு வரட்டும்.

வாடகையை எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ரைபிள் 3,00,000 ரூபாய். ஆறு ஆண்டு வைத்திருந்து 1,20,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொண்டால் தேய்வது 1,80,000. 72 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 2,500. சர்வீஸ், சீல் மாற்றுதல், அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைப் புதிதாக வாங்கச் சேமிப்பு எல்லாம் சேர்த்து 500 வையுங்கள். மொத்தம் 3,000. இருவரும் ஏறக்குறைய சம நாட்கள் சுட்டால் வாடகைக்காரர் 1,500 கொடுப்பார். முன்பணம் 20,000 ரூபாய். முதலீட்டின் வட்டியை உரிமையாளர்தான் சுமக்கிறார். அதற்குப் பதிலாக, இருவருக்கும் ஒரே நாளில் துப்பாக்கி தேவைப்பட்டால் அவருடைய பிள்ளைக்கே முன்னுரிமை. இந்த ஒரு வரியை மட்டும் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். போட்டி அட்டவணையில் இருவர் பெயரும் ஒரே டீடெயிலில், அதாவது ஒரே நேரத்தில் சுடும் தொகுதியில் வந்துவிட்டால் ஒருவர் சுட முடியாது. பதிவு செய்யும்போதே ஒரே ரைபிளைப் பயன்படுத்துகிறோம், வேறு வேறு டீடெயில் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் தருவார்கள். வரைவு அட்டவணை வந்த பிறகு போய் நின்றால் முகம் கொடுக்க மாட்டார்கள்.

எத்தனை ஷாட் என்று எண்ணி வாடகை போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஏர் ரைபிளின் குழல் சுடுவதால் தேய்ந்துபோவது மிக மெதுவாகத்தான் நடக்கும். அதன் வயதைச் சீல்களும் சிலிண்டரின் தேதியும்தான் தீர்மானிக்கின்றன. அவை அலமாரியில் சும்மா இருந்தாலும் மூப்படைகின்றன. எனவே மாதக் கணக்குதான் பொருந்தும்.

இனிப் பகிர்வின் உண்மையான சிக்கல். பணத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். போட்டி ரைபிள் என்பது சுடுகிறவரின் உடம்புக்குத் தைத்த சட்டை மாதிரி. தோளில் படும் பின்தட்டின் நீளம், உயரம், சாய்வு, கன்னம் படும் பலகையின் உயரம், கைப்பிடியின் கோணம், உள்ளங்கை தாங்கும் கட்டை, குறிபார்க்கும் சைட்டின் உயரம், அதை நகர்த்தத் திருகும் கிளிக் எண்ணிக்கை, முன் சைட்டில் வளையத்தின் விட்டம். இவ்வளவும் ஆளுக்கு ஆள் வேறு. இலக்கில் பத்து மதிப்பெண் தரும் இடம் அரை மி.மீ. அளவுள்ள ஒரு பொட்டு. கன்னப் பலகை ஒரு மி.மீ. மாறினால் கண் நிற்கும் இடம் மாறும். கண் மாறினால் குறி போய்விடும். காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் திருகிக்கொண்டிருந்தால் திருகுகள் தேயும். பிள்ளைகளுக்கோ எந்த நாளும் தன் ரைபிள் என்ற நிதானமே வராது.

இதற்கு எங்கள் கிளப்பில் பின்பற்றும் வழி எளியது: உடம்பில் படுவது அவரவருக்கு, படாதது பொதுவுக்கு. குழல், டிரிகர், சிலிண்டர் பொது. கைப்பிடி, கன்னப் பலகை, முடிந்தால் பின்தட்டு, பின் சைட் ஆகியவை ஆளுக்கொன்று. பெரிய நிறுவனங்களின் ரைபிள்களில் இவை தனித்தனி உதிரி பாகங்களாகக் கிடைக்கின்றன. குறிப்பாகப் பின் சைட். தன் சைட்டைத் தன் கிளிக்கோடு கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மறுமுறை ரைபிளின் மேலுள்ள சைட் ரெயிலில் அதே கோட்டில் பூட்டினால் இரண்டு மூன்று சோதனை ஷாட்டிலேயே குறி திரும்பிவிடும். கூடுதலாகச் செலவாகும்தான். ஆனால் அந்தப் பாகங்கள் விலகும்போது அவரவரோடு போய்விடும் என்பதால் யாரும் யாருக்கும் பாக்கி இல்லை. அதற்கும் வசதி இல்லையென்றால், ஒவ்வொரு திருகுக்கும் அளவுகோல் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். மூவரும் வலது கைக்காரர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய நிம்மதி. ஒருவர் இடது கைக்காரராக இருந்திருந்தால் பகிர்வே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

12 வயதுப் பிள்ளையை ஏன் விலக்கினேன் என்பதும் இதில் இருக்கிறது. அந்த வயதில் உயரம் மாதந்தோறும் மாறும். இன்று வைத்த அளவு தீபாவளிக்குப் பொருந்தாது. எடையும் ஒரு பிரச்சினை. விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. மூத்த பிள்ளை தன் நிலைக்கு ஏற்றபடி எடைக்கட்டிகளைச் சேர்த்திருக்கும். அதைச் சிறு பிள்ளை ஒன்றேகால் மணி நேரம் தூக்கி நின்றால் முதுகு வளைந்து தவறான நிலையே பழகிவிடும். அந்தக் குடும்பத்தின் ஒரு லட்சத்தில் நல்ல ஷூவும், வளர வளர மாற்ற வசதியான அளவில் ஜாக்கெட்டும் வாங்கினால் மீதியை வங்கியில் போட்டு வைக்கலாம். ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, ஷூ இவற்றைப் பகிரவே கூடாது. வியர்வை ஒரு காரணம். ஜாக்கெட்டின் தடிமன், விறைப்பு, உடம்பைச் சுற்றி எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதையெல்லாம் உபகரணச் சோதனையில் அளக்கிறார்கள் என்பது இன்னொன்று. அண்ணன் ஜாக்கெட் தம்பிக்குப் பொருந்தாது.

பிஸ்டல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு சொல். உங்களுக்குப் பகிர்வு சற்று எளிது. மரக் கைப்பிடி ஒன்றை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு திருகில் மாற்றிவிடலாம். டிரிகர் எடையில், அதாவது விசையை இழுக்கத் தேவைப்படும் எடையில் மட்டும் எச்சரிக்கை. விதிப்படி குறைந்தது 500 கிராம். ஒருவர் 500க்குச் சரியாக வைத்துக்கொண்டு மற்றவர் சற்று இளக்கிவிட்டால், சோதனையில் மாட்டிக்கொள்பவர் இளக்காதவராகவும் இருக்கலாம். ஆகவே கொஞ்சம் கூடுதலாக வைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

பராமரிப்பில் சண்டை எங்கே வரும் என்று கேட்டால், காற்றில் என்பேன். சிரிக்காதீர்கள். ரைபிள் சிலிண்டரை நிரப்ப, மூன்று குடும்பம் சேர்ந்து ஸ்கூபா டேங்க் (அழுத்தக் காற்று அடைத்த பெரிய உருளை) ஒன்றை வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். நான் ஆதரிக்கும் ஒரே கூட்டு முதலீடும் அதுதான். ஆனால் 12 லிட்டர் டேங்கை 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பி வந்தால் முதலில் நிரப்புகிறவருக்குத்தான் ஏறக்குறைய 200 கிடைக்கும். ரைபிள் சிலிண்டர் கால் லிட்டர் என்று வைத்து, 100லிருந்து நிரப்பினால் முதலில் ஒவ்வொரு முறையும் டேங்கில் ஏறக்குறைய 2 பார் இறங்கும், போகப் போக இது சற்றுக் குறையும். இருபது முறை கழித்து வருகிறவருக்கு ஏறக்குறைய 165தான். யார் காலி செய்தது என்று அப்போது ஆரம்பிக்கும். உண்மையில் 165 பாருக்கு ஒரு போட்டியைத் தாராளமாக முடிக்கலாம். பெரும்பாலான போட்டி ரைபிள்களில் 200 பார் நிரப்பினால் 200 ஷாட்டுக்கு மேல் போகும். நீங்கள் சுடப்போவது 60ம் சோதனை ஷாட்களும்தான். இதைப் பெற்றோர் எல்லோரும் முதல் நாளே தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். டேங்க் எப்போது 120க்குக் கீழே இறங்குகிறதோ அப்போது நிரப்பிவர வேண்டும், செலவு மூன்றில் ஒரு பங்கு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பம்ப் வாங்குவதாக இருந்தால் கடற்கரை ஊர்களில் கவனம் வேண்டும். நம் காற்றில் ஈரம் அதிகம். சில நிமிடம் அடித்ததும் பம்பை ஆறவிட்டு, ஈரத்தை வெளியே விட்டுவிட்டுத் தொடருங்கள். அவசரக்காரர்கள் அடித்த சிலிண்டரைப் பிறகு திறந்தால் உள்ளே துருவும் நீரும் இருக்கும். இன்னொன்றைப் பிள்ளைகள் முன்னிலையில் உரக்கச் சொல்லுங்கள்: சிலிண்டரில் ஆக்சிஜன் நிரப்பவே கூடாது. மருத்துவ ஆக்சிஜன் சுலபமாகக் கிடைக்கிறதே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உயர் அழுத்த ஆக்சிஜனும் துளி எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். காற்றுப் பாதையில் சாதாரண எண்ணெய் விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையேடு எந்த இடத்தில் எந்த கிரீஸ் என்று சொல்கிறதோ அதை மட்டும் பூசலாம். சுட்டு முடித்ததும் வெளி உலோகத்தை உலர்ந்த துணியால் துடைப்பது, பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுவது, அவ்வப்போது குழலுக்குள் ஃபெல்ட் துண்டு ஓட்டுவது. வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மற்றதை சர்வீஸ் ஆள் பார்த்துக்கொள்வார்.

பெல்லட்டில், அதாவது ஏர் ரைபிளின் ஈயக் குண்டில், பகிர்வின் ஓர் உண்மையான ஆதாயம் இருக்கிறது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பிடிக்கும், குண்டின் தலை 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று அளவும் மாறும். சோதித்துப் பார்த்துப் பிடித்த லாட் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அதே எண்ணில் மொத்தமாக வாங்குவதுதான் வழி. ஒரு டப்பாவில் 500. நாளைக்கு நூறு ஷாட், வாரம் ஐந்து நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு டப்பா. தனி ஆள் ஓராண்டுக்கு வாங்கி வைக்கத் தயங்குவார். ஒரே குழலில் சுடும் இருவர் சேர்ந்தால் அந்தத் தயக்கம் போகும். வேறு வேறு ரைபிள் வைத்திருப்பவர்கள் மொத்தமாகச் சேர்ந்து வாங்குவதில் இந்தப் பொருத்தம் கிடையாது.

உடைந்தால் யார் கொடுப்பது? தானாகத் தேய்ந்து போனது வாடகைக்குள் அடங்கும். கீழே போட்டவர் போட்டதற்குப் பொறுப்பு. யாரென்று தெரியாவிட்டால் பாதிப் பாதி. இதற்குத்தான் பெட்டிக்குள் ஒரு நோட்டு வேண்டும்: தேதி, பெயர், சுட்ட எண்ணிக்கை, மீதி அழுத்தம், ஏதாவது வித்தியாசமாக இருந்ததா. ஒரு வரி போதும். துப்பாக்கி கை மாறும்போது வாங்குகிறவர் ஐந்து ஷாட் சுட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகக் கெடுபிடியாகத் தோன்றும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா இறுதிச் சுற்றுக்கு வந்து முதல் சோதனை ஷாட்டைச் சுட்டபோது அது பத்துக்குப் பதில் நாலு மதிப்பெண் வளையத்தில் போய் விழுந்தது. சைட் இடம் மாறியிருந்தது. சோதனை நேரத்திலேயே கண்டு திருத்திக்கொண்டதால்தான் இந்தியாவுக்கு அந்தத் தங்கம் வந்தது. தனக்கு மட்டுமே சொந்தமான துப்பாக்கிக்கே அந்த நிலை என்றால், இருவர் கைவைக்கும் துப்பாக்கியை நம்பிப் பெட்டியைத் திறந்து நேராகப் போட்டியில் நிற்கலாமா?

மாற்றுத் துப்பாக்கி என்ற பேச்சும் இங்கேதான் வர வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே லீவர் உடைந்து நின்றது. சரிசெய்து வருவதற்குள் நேரம் ஓடிவிட்டது. மீதி ஷாட்களை அவசரமாகச் சுட்டும் 575 எடுத்தார், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போனது. அதே வீராங்கனை பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றது எல்லோருக்கும் தெரியும். மாவட்ட, மாநில அளவில் உங்கள் பிள்ளைகளுக்குத் தனியாக மாற்றுத் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் கிளப் ரைபிள் ஒன்று, மூவருக்கும் பொதுவாக, சிலிண்டர் நிரப்பி, போட்டி இடத்தில் பெட்டியோடு இருக்கட்டும். அதைக் கொண்டுபோகும் செலவை மூவரும் பகிருங்கள். பேட்டரியில் இயங்கும் டிரிகர் என்றால் மாற்று பேட்டரியும், ஒரு சீல் தொகுப்பும் அதே பெட்டியில் கிடக்கட்டும். மூன்று குடும்பமும் சேர்ந்து செலவிட வேண்டியது இந்த மாதிரிப் பொருட்களுக்குத்தான்: டேங்க், உதிரிகள், மாற்று ரைபிளின் பயணம், வேண்டுமானால் டிரிகர் எடையைச் சோதிக்கும் எடைக்கட்டி. அவற்றை யாரும் விற்றுப் பங்கு கேட்கப்போவதில்லை.

ஒப்பந்தம் என்று முத்திரைத்தாள் வரைக்கும் போக வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: உரிமையாளர் யார், வாடகை எவ்வளவு, யாருக்கு எப்போது முன்னுரிமை, விலகுகிறவர் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். மூத்த பிள்ளை கல்லூரிக்குப் போகும் மாதத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள். அன்றைக்கு 12 வயதுப் பிள்ளை வளர்ந்து வாடகைக்கு வரத் தயாராக இருக்கலாம்.

பழைய ரைபிள் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். புதியதைவிட அதையே நான் விரும்புவேன், ஒரு நிபந்தனையோடு. சிலிண்டரைக் கழற்றிக் கையில் வாங்கி அதில் பொறித்திருக்கும் ஆண்டைப் படியுங்கள். உற்பத்தியாளர்கள் பொதுவாக அதற்குத் தரும் ஆயுள் பத்து ஆண்டு. காலக்கெடு முடிந்த சிலிண்டரோடு வருவது வீரரின் பொறுப்பு என்றே சர்வதேச விதி சொல்கிறது. பிறகு இரவு நிரப்பி, அளவை எழுதி, காலையில் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சீல் மாற்றும் செலவையும், ஆண்டு தீர்ந்திருந்தால் புது சிலிண்டரின் விலையையும் கழித்துக்கொண்டு பேசுங்கள்.